பன்னிரண்டு இன்ஜின்கள், ஒரே ஒரு கடற்படை: டைப் 45 நாசகாரிக் கப்பல்கள் இருளில் மூழ்கிய கதை

பிரிட்டிஷ் கடற்படையிடம் டைப் 45 வகை ஏவுகணை நாசகாரிக் கப்பல்கள் ஆறு உள்ளன. முதலாவதான எச்எம்எஸ் டேரிங் 2009 ஜூலையில் பணியில் சேர்ந்தது, ஆறாவதான டங்கன் 2013இல் வந்தது. 152 மீட்டர் நீளம், 48 செங்குத்து ஏவுகுழாய்கள், அவற்றில் ஆஸ்டர் ஏவுகணைகள், உயரமான கோபுர உச்சியில் சுழலும் சாம்ப்சன் ராடார். வான் தாக்குதலை முறியடிப்பதற்கென்றே உருவான கப்பல்கள் இவை. அந்த வேலையில் இவற்றை யாரும் குறை சொன்னதில்லை. 2023 டிசம்பரில் செங்கடலில் டயமண்ட் ஒரு தாக்குதல் ட்ரோனைச் சுட்டு வீழ்த்தியது. 1991க்குப் பிறகு பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று வானிலக்கைச் சுட்டு வீழ்த்தியது அதுவே முதல் முறை.

இதே கப்பல்கள்தான் நடுக்கடலில் மின்சாரம் மொத்தமாகப் போய், இன்ஜினும் ராடாரும் ஒருசேர அணைந்து நின்றிருக்கின்றன. அதுவும் ஒருமுறை இருமுறை அல்ல.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், வெப்பக் கடலுக்கு ஏற்ற இன்ஜின் அல்ல என்பது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒரு போர்க்கப்பலின் உதிரிபாகப் பிரச்சினை கப்பல் கடலுக்குப் போன பிறகு தொடங்குவதில்லை, வரைபட மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. எந்த இன்ஜின், அதை உலகில் வேறு யார் வைத்திருக்கிறார்கள், எத்தனை கப்பல் கட்டப்போகிறோம், பழுதான பெட்டியை எந்த வழியாக வெளியே எடுப்போம் என்ற நான்கு கேள்விகளுக்கும் அங்கேயே விடை எழுதப்பட்டுவிடுகிறது. டைப் 45இல் அந்த விடைகள் எப்படி எழுதப்பட்டன, பிறகு என்ன விலை கொடுத்துத் திருத்தப்படுகின்றன என்பதே இந்த ஆய்வு.

தேர்வு

1990களில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் சேர்ந்து ஹொரைசன் என்ற பொதுக் கப்பலை வடிவமைத்துக்கொண்டிருந்தன. 1999இல் பிரிட்டன் விலகியது. ஏவுகணை அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தன் வழியில் டைப் 45ஐ வடிவமைத்தது. பிரான்ஸும் இத்தாலியும் ஹொரைசனைத் தொடர்ந்து கட்டின. ஆக, ஒரே ஏவுகணைக் குடும்பம், ஏறக்குறைய ஒரே காலம், ஒரே வேலை, ஆனால் வெவ்வேறு இயந்திர அறை கொண்ட இரண்டு கப்பல் வகைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான ஜோடி அரிது.

ஹொரைசன் கப்பல்களில் இருப்பது எல்எம்2500 கேஸ் டர்பைன் (எரிந்த வாயுவின் வேகத்தால் சுழலும் இன்ஜின்) இரண்டு, கூடவே டீசல் இன்ஜின் இரண்டு. எல்எம்2500 விமான இன்ஜினிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஆர்லி பர்க் நாசகாரிகளில் கப்பலுக்கு நான்கு வீதம் ஓடுகிறது. உலகின் பல கடற்படைகள் அதை வைத்திருக்கின்றன. புதுமை என்று சொல்ல அதில் ஏதும் இல்லை, எல்லாருக்கும் பழகிப்போன இயந்திரம்.

பிரிட்டன் 2000இல் தேர்ந்தெடுத்தது டபிள்யூஆர்-21. இதன் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1991இல் அமெரிக்கக் கடற்படைதான் இந்த இன்ஜினின் உருவாக்கத்துக்கு ஒப்பந்தம் போட்டது. பிரிட்டனும் பிரான்ஸும் பின்னர் சேர்ந்தன. இங்கிலாந்தின் பைஸ்டாக்கில் சோதனைகள் நடந்தன. எண்ணெய்ச் செலவு கணிசமாகக் குறையும் என்பது காகிதத்தில் மட்டுமல்ல, சோதனை மேடையிலும் தெரிந்தது. ஆனால் முதலில் பணம் போட்ட அமெரிக்கா தன் கப்பல்களில் அதைப் பொருத்தவில்லை. பிரான்ஸும் பொருத்தவில்லை. கடைசியில் அதை வாங்கிய கடற்படை பிரிட்டிஷ் கடற்படை மட்டுமே.

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் மையம் இதுதான். இன்ஜின் மோசமானது என்பதல்ல. அதற்கு உலகில் இரண்டாவது வாடிக்கையாளர் இல்லை என்பது.

அந்த இன்ஜின் ஏன் அவ்வளவு கவர்ந்தது

சாதாரண கேஸ் டர்பைன் முழு வேகத்தில் நன்றாக வேலை செய்யும், குறைந்த வேகத்தில் எண்ணெயைக் குடிக்கும். போர்க்கப்பல் தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேரத்தைக் குறைந்த வேகத்திலேயே கழிக்கிறது. முழு வேக ஓட்டம் மிகச் சிறு பங்குதான். டபிள்யூஆர்-21 இந்த முரணைத் தீர்க்க வந்தது.

அதில் இரண்டு கூடுதல் உறுப்புகள் உண்டு. முதலாவது இன்டர்கூலர். காற்றை இரண்டு கட்டமாக அழுத்தும்போது, இடையில் அதைக் குளிர்விக்கும் பகுதி அது. குளிர்ந்த காற்றை அழுத்துவது எளிது, எனவே கம்ப்ரஸருக்குச் செலவாகும் ஆற்றல் மிச்சம். இரண்டாவது ரெகுப்பரேட்டர். புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து, எரியறைக்குள் நுழையப்போகும் காற்றுக்கு ஏற்றும் வெப்பமாற்றி அது. முன்கூட்டியே சூடாகி வரும் காற்றுக்கு எண்ணெய் குறைவாகப் போதும். இரண்டும் சேர்ந்தால் குறைந்த வேகத்திலும் எண்ணெய்ச் செலவு கட்டுக்குள் நிற்கும்.

இந்தத் திறமையை நம்பி அடுத்த முடிவு எடுக்கப்பட்டது. டைப் 45 முழு மின் உந்துகை கொண்ட கப்பல். டர்பைன் நேராகக் கப்பலைத் தள்ளும் சுழல்விசிறியைத் திருப்புவதில்லை. அது ஜெனரேட்டரைத் திருப்பும், அந்த மின்சாரம் 20 மெகாவாட் மோட்டார்கள் இரண்டை ஓட்டும், மிச்சம் ராடாருக்கும் கணினிகளுக்கும் குளிரூட்டிகளுக்கும் சமையலறைக்கும் போகும். எல்லாமே ஒரே மின்வலை. ஏறக்குறைய 21 மெகாவாட் தரும் டர்பைன் ஜெனரேட்டர்கள் இரண்டு. அவற்றுக்குத் துணையாக 2 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர்கள் இரண்டு.

அந்த இரண்டு டீசலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். டர்பைன் குறைந்த வேகத்திலும் சிக்கனமாக ஓடும் என்றால் பெரிய டீசல் எதற்கு? துறைமுகத்தில் நிற்கும்போதும் அவசரத்துக்கும் சின்னது போதும். அந்தக் கணக்கில் தவறு இல்லை. ஆனால் டர்பைன் ஒருபோதும் சட்டென்று நிற்காது என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருந்தது. 40 மெகாவாட்டுக்கு மேல் திறனுள்ள வலைக்கு 4 மெகாவாட் பின்காப்பு.

மின்சாரம் போகும் அந்தச் சில நொடிகள்

கோடையில் பாரசீக வளைகுடாவின் மேற்பரப்பு நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். காற்று அதைவிடச் சூடு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஒவ்வொரு சுற்றிலும் டர்பைன் விழுங்கும் காற்றின் எடை குறையும், அதனால் எந்த கேஸ் டர்பைனும் அங்கே கொஞ்சம் திறன் இழக்கும். இது எதிர்பார்த்ததே. திறன் படிப்படியாக இறங்கும், கப்பல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகலாம்.

டபிள்யூஆர்-21இல் நடந்தது அதுவல்ல. அதன் செயல்பாடே வெப்பப் பரிமாற்றத்தை நம்பியது, இன்டர்கூலரின் சூட்டைக் கடைசியில் வாங்கிக்கொள்ள வேண்டியது கடல்நீர். அந்தக் கடலே சூடாக இருக்கும்போது இன்டர்கூலர் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. திறன் மெல்லத் தேய்வதற்குப் பதிலாக ஒரு கட்டத்தில் பொலபொலவென்று சரிந்தது.

இப்போது இயந்திரக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை மிச்சப்படுத்த ஒரே டர்பைன் ஓடுகிறது. கப்பல் திரும்புகிறது அல்லது வேகமெடுக்கிறது, மோட்டார் கூடுதல் மின்சாரம் கேட்கிறது. டர்பைனால் தர முடியவில்லை. கட்டுப்பாட்டு அமைப்பு தன் இயந்திரத்தைக் காப்பாற்ற அதை ட்ரிப் செய்கிறது, அதாவது தானாகவே நிறுத்திவிடுகிறது. டர்பைன் சுமந்த லோடு முழுவதும் அந்த நொடியே டீசல்கள் மேல் விழுகிறது. 2 மெகாவாட் டீசலால் அதைத் தாங்க முடியாது, அதுவும் தன்னைக் காத்துக்கொள்ள ட்ரிப் ஆகிறது. விளக்கு அணைகிறது. விசிறிகளின் இரைச்சல் நின்று, கப்பலில் அதுவரை யாரும் கவனித்திராத ஓர் அமைதி வருகிறது. ராடார் இல்லை, ஏவுகணைக் கட்டுப்பாடு இல்லை, உந்துகை இல்லை. ஒவ்வொரு பாதுகாப்பு ஏற்பாடும் தனக்கு இட்ட வேலையைச் சரியாகச் செய்ததால்தான் கப்பல் இருண்டது.

இதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்தது. மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகளைக் குளிர்விக்கக் குளிர்நீர் ஓடுகிறது. ஈரப்பதம் மிகுந்த வெப்பக் காற்றில் அந்தக் குளிர்ந்த பரப்புகளின் மேல் நீர் வியர்த்தது. உயர் அழுத்த மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் நீர்த்துளி. அதனாலும் மின்தடைகள் வந்தன என்று கப்பல் கட்டிய நிறுவனத்தின் தரப்பே 2016இல் நாடாளுமன்றக் குழு முன் சொன்னது. வெப்பத்தைத் தாங்கவில்லை என்று ஒரே வரியில் எழுதுவோர் விட்டுவிடும் நுணுக்கம் இது. சூடும் ஈரமும் வெவ்வேறு பகைவர்கள், வடிவமைப்பில் இரண்டுக்கும் தனித்தனியே விடை வேண்டும்.

வெளியே தெரியவந்தது எப்படி

2010 நவம்பரிலேயே டேரிங் அட்லாண்டிக் நடுவில் உந்துகையை இழந்து, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் பழுது பார்த்துக்கொண்டது. 2014 பிப்ரவரியில் டான்ட்லெஸ் பயிற்சியைப் பாதியில் விட்டு போர்ட்ஸ்மவுத் திரும்பியது. முதலில் இன்ஜினின் நம்பகத்தன்மையை உயர்த்தும் சிறு சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. அவை போதாது என்பது தெரிந்த பின், 2014இல் நேப்பியர் என்ற பெயரில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதன் ஒரு கை இன்ஜின் சீரமைப்பு, மற்றொரு கை டீசல் ஜெனரேட்டர்களையே மாற்றுவது.

2016இல் நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழு விசாரித்தபோது இன்ஜின் நிறுவனத்தின் தரப்பு வைத்த வாதம் முக்கியமானது. வளைகுடாவில் கப்பல்கள் சந்தித்த சூழல், தங்களுக்குத் தரப்பட்ட விவரக்குறிப்பில் இருந்த சூழலோடு பொருந்தவில்லை என்றார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 1980களிலிருந்தே வளைகுடாவில் தொடர்ந்து சுற்றி வருகின்றன. கப்பல் எங்கே போகும் என்பது யாருக்கும் ரகசியமாக இருந்ததில்லை. அப்படியிருக்க, அதிகபட்ச வெப்பநிலையில் நீடித்து ஓட வேண்டும் என்ற தேவை எந்த அளவுக்கு எழுதப்பட்டது, எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. புதிய இன்ஜினுக்குப் பைஸ்டாக்கில் சோதனை நடந்தது உண்மை. ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்த கடலில், முழுக் கப்பலின் மின்வலையோடு இணைத்து, மாதக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பது வேறு சோதனை. அது கடலில், கடற்படையினரின் தோளில் நடந்தது. அந்தக் கப்பல்களின் பொறியாளர்கள் வருடக்கணக்கில் தூக்கம் கெட்டு அவற்றை ஓட வைத்தார்கள். அவர்களின் உழைப்பை யாரும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் வருத்தம்.

எண்ணிக்கை குறைந்தபோது அலமாரியும் காலியானது

முதலில் திட்டமிட்டது பன்னிரண்டு கப்பல்கள். அது எட்டாகி, கடைசியில் ஆறானது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2009இல் கொடுத்த கணக்கின்படி திட்டச் செலவு 646 கோடி பவுண்டு. முதலில் ஒப்புதல் தந்ததைவிட ஏறக்குறைய 150 கோடி அதிகம், காலமும் இரண்டு ஆண்டுக்கு மேல் தாமதம்.

எண்ணிக்கைக் குறைப்பைப் பொதுவாகப் போர்த்திறனின் கோணத்தில்தான் பேசுவார்கள். உதிரிபாகத்தின் கோணம் வேறு. பன்னிரண்டு கப்பல் என்றால் 24 டர்பைன்கள் ஓடும். அந்த அளவுக்குத் தொழிற்சாலையில் ஒரு வரிசை உயிரோடு இருக்கும், துணை ஒப்பந்ததாரர்கள் அச்சுகளைத் தூக்கி எறியமாட்டார்கள். ஆறு கப்பல் என்றால் 12 டர்பைன்கள். உலகம் முழுவதிலும் கடலில் ஓடுபவை அவ்வளவுதான். வெப்பமாற்றியின் ஒரு தகட்டுக்கோ, ஒரு முத்திரை வளையத்துக்கோ ஆர்டர் கொடுத்தால், அதை மீண்டும் செய்ய யார் இயந்திரத்தைத் திருப்புவார்கள்? செய்தாலும் ஒற்றை உருப்படியின் விலை எங்கே போகும்? எல்எம்2500 வைத்திருப்பவர் அவசரத்துக்கு நட்புக் கடற்படை ஒன்றின் கிடங்கைக் கேட்கலாம். டபிள்யூஆர்-21 வைத்திருப்பவர் தன் பக்கத்தில் நிற்கும் கப்பலைத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். ஒரு கப்பலிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் மாட்டுவது எல்லாக் கடற்படைகளிலும் உள்ள வழக்கம். தணிக்கை அலுவலகம் 2017 நவம்பரில் பிரிட்டிஷ் கடற்படை முழுவதையும் பற்றி வெளியிட்ட அறிக்கையின்படி, 2012க்கும் 2017க்கும் இடையில் இப்படிப் பிடுங்கி மாட்டிய நிகழ்வுகள் 49 விழுக்காடு கூடியிருந்தன. 2016-17இல் மட்டும் 795 முறை. இந்தக் கணக்கில் அதிகம் அடிபட்டவை அஸ்டூட் வகை நீர்மூழ்கிகள். புதிய கப்பல் வகை, குறைந்த எண்ணிக்கை, கிடங்கில் உதிரி போதாமை என்ற அதே சூத்திரம்.

காகிதத்தில் இது சிக்கனமாகத் தெரியும். வேலைத்தளத்தில் அப்படி இல்லை. நல்ல பாகத்தை ஒரு கப்பலில் கழற்ற வேண்டும், பழுதான கப்பலில் மாட்ட வேண்டும், பிறகு புதியது வந்ததும் கொடுத்த கப்பலில் மறுபடி மாட்டிச் சோதிக்க வேண்டும். ஒரு பழுதுக்கு இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பு. கழற்றும்போது பக்கத்துக் குழாயில் கை பட்டு விரிசல் விட்டால் மூன்றாவது வேலை. தன் கப்பலைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்த குழுவிடமிருந்து பாகத்தைப் பறிப்பதன் மனச்சோர்வு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அமெரிக்காவின் ஸம்வால்ட் நாசகாரிகளில் இதே நோய் வேறு முகத்தோடு வந்தது. 32 கப்பலுக்கென வடிவமைத்த பீரங்கி, அதற்கென்றே தனி குண்டு. கப்பல் எண்ணிக்கை மூன்றாகச் சுருங்கியதும் ஒரு குண்டின் விலை எட்டு லட்சம் டாலரைத் தொட்டது. 2016இல் குண்டு வாங்கும் திட்டம் கைவிடப்பட்டது. பீரங்கி இருந்தது, போட குண்டு இல்லை. பிறகு ஹைப்பர்சானிக் ஏவுகணைக் குழாய்களுக்காக அந்தப் பீரங்கிகளையே அகற்ற வேண்டியதாயிற்று. வேறு எதிலும் பயன்படாத பாகம், சுருங்கிய எண்ணிக்கை. இந்த இரண்டும் சேரும் இடத்தில் எத்தனை சிறந்த பொறியியலும் திணறுகிறது.

கப்பலின் பக்கச்சுவரை வெட்டி

2018 மார்ச்சில் 16 கோடி பவுண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு 2 மெகாவாட் டீசல்களை எடுத்துவிட்டு, மூன்று 3 மெகாவாட் எம்டியு 4000 ஜெனரேட்டர்களைப் பொருத்துவது. 4 மெகாவாட் 9 மெகாவாட் ஆகிறது. வேலை நடக்குமிடம் பிர்க்கன்ஹெட்டில் உள்ள கேமல் லேர்ட் கப்பல் தளம். முதலில் போனது டான்ட்லெஸ், 2020இல். அது மீண்டும் கடல் சோதனைக்கு வந்தது 2022 ஜூனில்.

ஜெனரேட்டர் மாற்ற இரண்டு ஆண்டா என்று கேட்கலாம். பணிக்கு வந்து சில ஆண்டுகளிலேயே மாற்ற வேண்டியிருக்கும் என்று யாரும் நினைக்காத இயந்திரம் அது. எனவே அதை வெளியே எடுக்கத் தனி வழி வைக்கப்படவில்லை. கப்பலின் உடலில் திறப்பு வெட்டி, குறுக்கே நிற்கும் குழாய்களையும் கம்பிகளையும் தடுப்புச் சுவர்களையும் கழற்றி, பழையதை வெளியே இழுத்து, புதியதை உள்ளே நகர்த்தி, வெட்டிய தகட்டைத் திரும்பப் பற்றவைத்துச் சோதிக்க வேண்டும். இரண்டின் இடத்தில் மூன்று வருவதால் எண்ணெய்க் குழாய், புகைபோக்கி, குளிர்நீர், மின்பலகை எல்லாமே மாறும். மின்வலையின் கட்டுப்பாட்டு மென்பொருளும் மாறும்.

இதற்கு நேர்மாறான வடிவமைப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஆர்லி பர்க் கப்பலின் டர்பைன் அறையைப் பார்க்கலாம். அங்கே டர்பைனை மாற்றக் கப்பலை வெட்டுவதில்லை. காற்று உள்ளே வரும் பெரிய குழாய்ப் பாதையே டர்பைன் வெளியே போகும் பாதையும்கூட. அதற்குள் தண்டவாளம் பொருத்தி, இன்ஜினை நிமிர்த்தி மேலே இழுத்து, கிரேனால் துறைமுக மேடையில் இறக்கி, மாற்று இன்ஜினை அதே வழியில் இறக்குகிறார்கள். வேலை நாள்கணக்கில் முடிகிறது. பழுதான இன்ஜின் பட்டறைக்குப் போகும், கப்பல் கடலுக்குப் போகும். கப்பலையும் இன்ஜினையும் ஒரே இடத்தில் கட்டிப்போடாத இந்த ஏற்பாட்டை 1980களிலேயே வரைந்துவிட்டார்கள். கப்பல் உடல் 35, 40 ஆண்டு வாழும், அதற்குள் இருக்கும் எதுவும் அவ்வளவு நாள் வாழாது என்பதை ஏற்றுக்கொண்டு வரைந்தவர்களின் வேலை அது.

அந்தச் சிந்தனை இப்போது ராடார் வரை வந்துவிட்டது. புதிய ஆர்லி பர்க் கப்பல்களில் வரும் எஸ்பிஒய்-6 ராடார், ஒவ்வொரு பக்கமும் இரண்டடி கொண்ட கனசதுரப் பெட்டிகளால் ஆனது. ஒரு முகத்துக்கு 37 பெட்டிகள். பெரிய ராடார் வேண்டுமா, பெட்டிகளைக் கூட்டு. சிறிய கப்பலா, அதே பெட்டி ஒன்பது போதும். விமானந்தாங்கிக்கும் நாசகாரிக்கும் ஒரே உதிரி. கிடங்கில் ஒரு வகைப் பெட்டி இருந்தால் பல கப்பல் வகைகளுக்கும் உதவும் என்பதால் ஒவ்வொரு பெட்டியின் மதிப்பும் கூடுகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டைப் 45இன் வடிவமைப்பில் இடவசதி தாராளம். அந்தத் தாராளம் இல்லாவிட்டால் மூன்றாவது ஜெனரேட்டருக்கு இடமே கிடைத்திருக்காது. முன்தளத்தில், 48 ஏவுகுழாய்களுக்குப் பக்கத்தில், எதிர்காலத்துக்கென்று விட்டுவைத்த இடமும் இருந்தது. அதில்தான் இப்போது 24 சீ செப்டர் ஏவுகணைகள் சேர்க்கப்படவிருக்கின்றன. கப்பலின் உடலை வரைந்தவர்கள் முப்பது ஆண்டுகளை யோசித்தார்கள். மின் அறையை முடிவுசெய்தவர்கள் எண்ணெய்க் கணக்கை யோசித்தார்கள். முதலாமவர் விட்ட இடம் இரண்டாமவரின் முடிவைத் திருத்த உதவியது.

மின் உந்துகையையே இதற்குக் குற்றவாளியாக்குவதும் சரியல்ல. அதே கடற்படையின் குயின் எலிசபெத் வகை விமானந்தாங்கிகள் முழு மின் உந்துகையில்தான் ஓடுகின்றன. அங்கே இன்டர்கூலரும் ரெகுப்பரேட்டரும் இல்லாத எம்டி30 என்ற எளிய சுழற்சி டர்பைன் இரண்டு, கூடவே பெரிய டீசல்கள் நான்கு. எம்டி30 ஸம்வால்டிலும் இருக்கிறது, பிரிட்டனின் டைப் 26 கப்பல்களிலும் வருகிறது. உதிரிக்கு ஊர் பல.

சீரமைப்பின் விலை, கப்பல் இல்லாத நாள்கள்

16 கோடி பவுண்டு வெளியே தெரியும் விலை. பெரிய விலை காலத்தில் கட்டப்படுகிறது. டேரிங் 2017இல் ஓரங்கட்டப்பட்டது. மின் சீரமைப்பு முடிந்து போர்ட்ஸ்மவுத் திரும்பியது 2023 ஜனவரியில். அதன் பிறகும் மற்ற பராமரிப்பு வேலைகள் நீண்டன. ஒரு வகையின் முதல் கப்பல், அதன் பெயரையே வகைக்குத் தந்த கப்பல், தன் வாழ்நாளில் இத்தனை பெரிய பகுதியைத் துறைமுகத்தில் கழித்திருக்கிறது. ஆறில் இரண்டு சீரமைப்புத் தளத்தில், ஒன்று பயிற்சியில், ஒன்று பராமரிப்பில் என்றால் விமானந்தாங்கிக்குத் துணை போக எத்தனை மிஞ்சும்? 2017 இறுதியில் ஆறு கப்பல்களும் ஒரே நேரத்தில் போர்ட்ஸ்மவுத்தில் நின்ற நாள்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் இன்ஜின் காரணமல்ல. ஆனால் ஆறு என்ற எண்ணுக்கு எந்தத் தள்ளாட்டத்தையும் தாங்கும் தசை இல்லை. 2021இல் விமானந்தாங்கிக் குழுவோடு புறப்பட்ட டயமண்ட், மத்தியதரைக் கடலில் இயந்திரக் கோளாறால் குழுவை விட்டுப் பிரிந்து இத்தாலியில் பழுது பார்த்துக்கொண்டது. செங்கடலில் பெயர் வாங்கியதும் அதே கப்பல்தான். அதுவும் புதிய ஜெனரேட்டர்கள் அப்போது அதற்குக் கிடைத்திராத நிலையில்.

சீரமைப்பு முடிந்த டான்ட்லெஸ் 2023இல் கரீபியனுக்குப் போய் வந்தது. வெப்பக் கடலில் மாதக்கணக்கில் பணி. அந்தப் பயணம் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்த முதல் உண்மையான மதிப்பெண். மூன்று டீசல்கள் இருப்பதால் சாதாரண வேகத்தில் டர்பைனையே தொடாமல் போகலாம். டர்பைன் ட்ரிப் ஆனாலும் விளக்கும் ராடாரும் அணையாது. புதிய டீசல்களும் உலகெங்கும் கப்பல்களில் ஓடும் குடும்பத்தைச் சேர்ந்தவை. கேட்டால் கிடைக்கும் உதிரி.

இதே காலத்தில் ரஷ்யக் கடற்படை படித்த பாடமும் இந்த ஆய்வுக்கு அருகில் நிற்கிறது. அதன் கோர்ஷ்கோவ், கிரிகோரோவிச் வகைக் கப்பல்களின் கேஸ் டர்பைன்கள் உக்ரைனின் மிக்கோலாயிவில் உள்ள ஸோர்யா ஆலையிலிருந்து வந்தன. 2014க்குப் பிறகு உக்ரைன் கொடுப்பதை நிறுத்தியது. பாதி கட்டிய கப்பல் உடல்கள் இன்ஜின் இல்லாமல் தளத்தில் நின்றன. ரஷ்யா சொந்த டர்பைனை உருவாக்கி முடிக்கும்வரை வருடங்கள் போயின. கிரிகோரோவிச் வகையில் நின்றுபோன இரண்டு கப்பல் உடல்களை இந்தியா வாங்க ஒப்பந்தம் போட்டு, டர்பைன்களைத் தானே உக்ரைனிடம் வாங்கித் தந்துதான் அவை கட்டி முடிக்கப்பட்டன. பிரிட்டனுக்கு ஆள் இல்லாத பாகம், ரஷ்யாவுக்கு அரசியல் அறுத்த பாகம். இரண்டிலும் கப்பலின் தலைவிதி, கப்பல் தளத்துக்கு வெளியே இருந்த ஒரு பட்டறையின் கையில் இருந்தது.

இனி

ஆறு கப்பல்களின் மின் சீரமைப்பும் முடிய 2028 வரை ஆகும் என்பது அமைச்சகத்தின் கணிப்பு. கப்பல்கள் ஓய்வு பெறுவது 2030களின் இரண்டாம் பாதியில். அதாவது கடைசியாகச் சீரமைக்கப்படும் கப்பல், புதிய ஜெனரேட்டரோடு பத்து ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஓடும்.

டபிள்யூஆர்-21கள் அகற்றப்படவில்லை. அதிவேகத்துக்கு இன்றும் அவைதான் வேண்டும். விமானந்தாங்கி 25 நாட் வேகத்தில் போகும்போது பக்கத்தில் ஓட 9 மெகாவாட் டீசல் போதாது. எனவே இன்டர்கூலரும் ரெகுப்பரேட்டரும் கொண்ட அந்த 12 இன்ஜின்களையும், வேறெந்தக் கடற்படையின் உதவியும் இல்லாமல், இன்னும் பத்தாண்டுக்கு மேல் பிரிட்டன் தனியாகப் பராமரிக்க வேண்டும். டீசல்கள் வந்ததால் டர்பைன்களின் ஓட்ட நேரம் குறையும், தேய்மானம் குறையும், இருக்கும் உதிரிகள் நீண்ட நாள் வரும் என்பது ஆறுதலான பக்கம். கடைசிக் கப்பல் இறங்கும்வரை தொழிற்சாலையில் அந்த வேலை தெரிந்த கைகளைத் தக்கவைக்க வேண்டும், அதற்கான ஒப்பந்தப் பணத்தை எந்த ஆண்டின் வரவுசெலவிலும் வெட்டாமல் காக்க வேண்டும். ஜெனரேட்டரை மாற்றியதைவிட அந்த இரண்டும் கடினமான வேலைகள்.